சோவியத் மாளிகை

மாஸ்கோ நகரில் சோவியத் சர்க்கார் எழுப்பத் தொடங்கி, அஸ்திவாரத்துக்கு மேல் சிறிதளவே வளர்ந்திருந்த நிலையில் யுத்தத்தினால் நின்றுபோன பெருமாளிகை. சிற்பிகளின் திறமைக் குறைவாலோ திரவியக் குறைவாலோ அன்றி, முற்றிலும் புறக் காரணங்களால் ஒரு கட்டுமானம் இடைவழியில் முடிவுறுவதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

நதிக்கரையில் இருந்த இரட்சகர் கிறிஸ்து தேவாலயத்தை 1931 டிசம்பர் 5-ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்து, அவ்விடத்தை இதற்கென ஒதுக்கினர். லெ கார்புசியே முதலிய அயல்நாட்டுச் சிற்பிகளும் கலந்துகொண்ட போட்டியில் போரிஸ் இயோபானின் திட்டம் தெரிந்தெடுக்கப்பெற்றது. உத்தேச உயரம் 415 மீட்டர். அந்நாளில் உலகிலேயே மிக உயர்ந்ததாயிருந்த நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடமோ 381 மீட்டரே. உச்சியில் நிறுவக் கருதிய லெனின் சிலை மட்டும் சுமார் 100 மீட்டர். மேகம் தாழ்ந்து கவியும் அந்நகரில், ஆண்டில் பல நாட்கள் தலைவரின் சிரம் ஜனங்களின் கண்ணுக்கு மறைந்தே இருந்திருக்கும்.

1939-க்குள் அஸ்திவாரம் பூர்த்தியாகி எஃகுச் சட்டகமும் எழத் தொடங்கியிருந்த வேளையில், 1941 ஜூன் 22-ஆம் தேதி ஜெர்மானியப் படை எல்லையைக் கடந்தது. நகரைக் காக்க டாங்கித் தடைகள் அவசரமாகத் தேவைப்படவே, கட்டடத்துக்கென வந்து கிடந்த எஃகு அதற்குச் சென்றது. எழுந்து நின்ற சட்டகமும் பிரிக்கப்பட்டு ரயில் பாலங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

எனினும் பழி முழுவதையும் யுத்தத்தின்மேல் சுமத்துவது நியாயமாகாது. 1947-க்குப் பின் அதே மாஸ்கோவில் ஏழு வானளாவிகள் எழுந்தன. ஆகவே எஃகும் ஆட்களும் இல்லாமற் போகவில்லை. இயோபானும் தம் திட்டத்தைத் திருத்தியவண்ணமே இருந்தார். ஆனால் 1953-இல் ஸ்டாலின் மறைந்து, 1955-இல் கட்டடங்களின் வீண் ஆடம்பரத்தைக் கண்டித்து அரசாங்கத் தீர்மானம் வந்த பிறகு, மாளிகைக்கு ஆதரவாகப் பேசுவாரில்லை. அதன் பெயரையே தாங்கியிருந்த சுரங்க ரயில் நிலையத்துக்கு 1957-இல் குரோபோட்கின்ஸ்காயா என்று பெயர் மாற்றினர். அஸ்திவாரம் இருந்த இடத்தில் 1960-இல் திறக்கப்பட்டது, பொதுஜனங்களுக்கான நீச்சல் குளம்.