மெலங்கலி, டிப்ரஷன்: அழுத்துவது யார்?

மெலங்கலி, டிப்ரஷன் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் ஒரே துயரத்தின் பழைய பெயர், புதிய பெயர் என்பதாகவே நாம் புரிந்து வைத்திருக்கிறோம். அவ்வளவு எளிதான விஷயமல்ல இது. ஒரு சொல் போய் இன்னொன்று வந்து உட்கார்ந்தபோது, கூடவே ஒரு கேள்வியும் காணாமல் போயிருக்கிறது.

மெலங்கலி என்றால் கிரேக்கத்தில் கரும்பித்தம். பித்தம் தலைக்கேறினால் பித்து என்று நம்மூரில் சொல்றதைப் போலத்தான். ஆனால் அச்சொல் பித்தத்தோடு நின்றுவிடவில்லை. 1621இல் வெளியான ராபர்ட் பர்ட்டனின் நூல் வறுமையையும் சிறைவாசத்தையும்கூட மெலங்கலிக்கான காரணங்களாக அடுக்கியது. 1917இல் துக்கத்தையும் மெலங்கலியாவையும் ஒப்பிட்ட ஃப்ராய்டு, நாட்டை, விடுதலையை, ஓர் இலட்சியத்தை இழந்தும் மனிதர் துக்கப்படலாம் என்றார். ஆக, 'எதனால்?' என்ற கேள்விக்கு அங்கே இடமிருந்தது.

டிப்ரஷனின் லத்தீன் வேர் 'கீழே அழுத்துதல்'. மெலங்கலியாவுக்குப் பதில் இதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர் 1904இல் முன்மொழிந்தார். 1930களில் கோடிக்கணக்கானோரின் வேலையைப் பறித்த பொருளாதார வீழ்ச்சிக்கும் இதே பெயர்தான். ஆனால் மருத்துவத்துக்குள் நுழைந்த சொல் அழுத்துபவரை வெளியே நிறுத்திவிட்டது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட கையேடு, காரணங்களை ஒதுக்கி அறிகுறிகளை எண்ணச் சொன்னது. இரண்டு வாரம் நீடித்தால் நோய். விலக்கு ஒன்றே ஒன்று: சாவு வீட்டுத் துக்கம். வேலை போனவருக்கு, நிலம் இழந்தவருக்கு விலக்கில்லை. 2013இல் அந்த ஒரு விலக்கையும் எடுத்துவிட்டார்கள்.

மருந்தே வேண்டாம் என்பதல்ல நமது வாதம். 1957இல் அறிமுகமான இமிப்ரமின் தொடங்கி, மாத்திரைகள் பலருக்கு வாழ்க்கையைத் திருப்பித் தந்திருக்கின்றன. வலிக்கு மருந்து வேண்டும்தான். ஆனால் மருந்துச் சீட்டில் எழுத இடமில்லை என்பதற்காகக் காரணம் இல்லாமல் போய்விடுமா?

தமிழில் நாம் 'மன அழுத்தம்' என்று எழுதுகிறோம். அழுத்தம்னா அழுத்துற கை ஒண்ணு இருக்கணுமில்லையா? கடன்பட்ட விவசாயி ஒருவர் இறந்தால், 'மன உளைச்சலில் இருந்தார்' என்று செய்தி முடிந்துவிடுகிறது. கடன் கொடுத்தவர், வட்டி, விளைபொருளின் விலை எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை. எழுதுகிறவர்களும் களத்தில் நிற்பவர்களும் அந்த வாக்கியத்தை அத்தோடு முடிய விடக்கூடாது.