சினைப்பைக் கட்டி: அறிகுறிகள் என்ன? திசுப் பரிசோதனை எப்போது, எப்படி?

போர்ட் கொச்சி: வயிற்று உப்புசம், சிறிதளவு உண்டதும் வயிறு நிறைந்துவிட்ட உணர்வு, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் அவசரம் ஆகியவற்றை வாயுத் தொல்லை என்று கருதிப் பெண்கள் பலர் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கின்றனர். இந்த நான்கும் சினைப்பைக் கட்டியின் அறிகுறிகளாகவும் இருக்கக்கூடும்.

சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 47 ஆயிரம் பெண்கள் சினைப்பைப் புற்றுநோயால் புதிதாகப் பாதிக்கப்பட்டனர். சுமார் 33 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். நோய் வயிற்றுக்குள் பரவிய பிறகே பெரும்பாலோருக்குக் கண்டறியப்படுவது இதற்கு முக்கியக் காரணம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

மேற்கண்ட அறிகுறிகள் ஓராண்டுக்குள் புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாள்களுக்கு மேல் நீடித்தால் மகளிர் நோய் மருத்துவரை அணுக வேண்டும். 50 வயதைக் கடந்தவர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு ஏற்படும் ரத்தப்போக்கும், முகத்தில் திடீரென வளரும் முடியும் ஹார்மோன் சுரக்கும் சினைப்பைக் கட்டிகளால் வரலாம். வாந்தியுடன் திடீரெனக் கடும் வலி ஏற்பட்டால், கட்டி முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். அந்நிலையில் உடனடி சிகிச்சை தேவை.

எல்லாக் கட்டியும் புற்றுநோயா?

இல்லை. நீர்க்கட்டிகள் பலவும் தானாகவே மறைந்துவிடும். முடி, கொழுப்பு, பல் போன்றவை அடங்கிய டெர்மாய்டு கட்டிகளும் பெரும்பாலும் தீங்கற்றவை. புற்றுநோய்க் கட்டிகளில் 10-இல் 9 எபிதீலியல் வகையைச் சேர்ந்தவை. முளை உயிரணுக் கட்டிகள் பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருகின்றன. அவர்களில் பலருக்குக் குழந்தைப்பேறு வாய்ப்பைக் காத்துச் சிகிச்சை அளிக்க இயலும்.

ரத்தப் பரிசோதனை போதுமா?

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் சந்தேகத்தை எழுப்பவே உதவும். சிஏ-125 அளவு 35 அலகைத் தாண்டினால் அது புற்றுநோய்தான் என்று பொருளல்ல. மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ், வயிற்றுக் காசநோய் ஆகியவற்றிலும் இது உயரும். தொடக்கநிலைப் புற்றுநோய் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அளவு இயல்பாகவே இருக்கும். பாப் ஸ்மியர் பரிசோதனை கருப்பை வாய்க்கானது. சினைப்பைக் கட்டியை அறிய அது உதவாது.

திசுப் பரிசோதனை எப்படி?

கட்டியின் தன்மையை உறுதிப்படுத்துவது திசுவே. ஆனால் அதை எடுக்கும் முறை நோயின் நிலைக்கேற்ப மாறும். கட்டி சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருந்து, புற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தால், பொதுவாக ஊசியால் குத்தி மாதிரி எடுப்பதில்லை. கட்டி உடைந்தால் உயிரணுக்கள் வயிற்றுக்குள் சிதறி, நோயின் நிலையே உயரக்கூடும். எனவே கட்டி உடையாமல் முழுமையாக அகற்றப்படுகிறது. அறுவை சிகிச்சை நடைபெறும்போதே திசுவை உறையவைத்து நோய்க்குறியியல் நிபுணர் முதற்கட்ட முடிவைத் தெரிவிப்பது உண்டு. இறுதி அறிக்கை சில நாள்களுக்குப் பிறகே கிடைக்கும்.

நோய் பரவி வயிற்றில் நீர் கோத்திருந்தால், ஸ்கேன் உதவியுடன் ஊசி மூலம் திசு எடுக்கப்படும். அது இயலாதபோது வயிற்று நீரிலுள்ள உயிரணுக்கள் ஆராயப்படும். அறுவை சிகிச்சைக்கு முன் கீமோதெரபி தொடங்குவதாக இருந்தால் இச்சோதனை இன்றியமையாதது. ஏனெனில், வயிற்றுக் காசநோயும் நீர்கோத்தல், கட்டி, உயர்ந்த சிஏ-125 என அதே தோற்றத்தைக் காட்டும். அதற்கான சிகிச்சையோ முற்றிலும் வேறு. இரைப்பையிலிருந்து சினைப்பைக்குப் பரவிய புற்றுநோயையும் திசுவின் சிறப்புச் சாயச் சோதனைகள் பிரித்துக் காட்டும்.

கொச்சியில் எங்கு அணுகலாம்?

போர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி பகுதியினர் முதலில் போர்ட் கொச்சி தாலுகா மருத்துவமனையையோ, மட்டாஞ்சேரி மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையையோ அணுகலாம். புற்றுநோய் சிகிச்சைக்கெனக் கேரள அரசின் கொச்சி புற்றுநோய் ஆராய்ச்சி மையம் களமசேரியில் இயங்குகிறது. வேறு மருத்துவமனைக்கு மாறுவோர், திசு அறிக்கையுடன் கண்ணாடித் தகடுகளையும் மெழுகில் பதித்த திசுக் கட்டியையும் கேட்டுப் பெற்றுச் செல்ல வேண்டும். அவை இருந்தால், மீண்டும் திசு எடுக்காமலேயே இரண்டாவது கருத்தைப் பெற முடியும்.