பிரதி எடுத்தவர்களும் பழுது பார்த்தவர்களும்

2003 ஓகஸ்ட் மாதத்தின் நடுப்பகுதி. புத்தளம் நகரில் நான் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் ஒரு கணனி. திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றி, அறுபது விநாடிகளில் இயந்திரம் நின்றுவிடும் என்று அறிவித்தது. விநாடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன, இயந்திரம் நின்றது, மீண்டும் எழுந்தது, சில நிமிடங்களில் அதே பெட்டி மறுபடி வந்தது. செய்தியை அனுப்புவதற்காகத் தொலைபேசி வழியே இணையத்தில் இணைந்த போதெல்லாம் இதுவே நிகழ்ந்தது. முப்பது ஆண்டுகளை எட்டும் என் பத்திரிகை வாழ்வில் அச்சகம் எரிந்ததையும் தாள் தட்டுப்பாட்டையும் தணிக்கையையும் கண்டிருக்கிறேன். தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் இயந்திரத்தை அன்றுதான் கண்டேன்.

அதன் பெயர் 'பிளாஸ்டர்' என்பதைப் பின்னர் அறிந்தேன். விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்த ஒரு துவாரத்தின் வழியே, எவரும் எதையும் திறக்காமலே, இணையத்தில் இணைந்திருக்கும் இயந்திரங்களுக்குள் நுழைந்த கணனிப் புழு அது. அதனுள்ளே மைக்ரோசொப்ட் அதிபர் பில் கேட்ஸை விளித்து, பணம் சேர்ப்பதை நிறுத்தி மென்பொருளைத் திருத்தும்படி சொல்லும் ஒரு வரி புதைந்திருந்தது. ஆனால் மென்பொருள் அப்போது திருத்தப்பட்டுவிட்டது. துவாரத்தை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் 2003 ஜூலை 16இல் வெளியிட்டது. புழு பரவத் தொடங்கியது ஓகஸ்ட் 11இல். இடையில் இருபத்தாறு நாட்கள். மருந்து வந்து இருபத்தாறு நாட்களின் பின்னர் நோய் பரவியது என்றால், மருந்து யாரிடம் போய்ச் சேரவில்லை என்பதே கேள்வி.

எங்களிடம் வந்து சேரவில்லை. காரணம் இரண்டு. முதலாவது, என் கணனியில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பி, கடையில் சில நூறு ரூபாவுக்குப் பதிந்து தந்த பிரதி. அதன் வீட்டுப் பதிப்பு அமெரிக்காவில் 199 டொலருக்கு விற்றது. அன்றைய மாற்று வீதத்தில் ஏறத்தாழ 19,000 ரூபா. இந்தக் கரையோரத்தில் நான் அறிந்த எவரும் அந்தத் தொகையைச் செலுத்தியதில்லை. எக்ஸ்பியில் தமிழ் ஒருங்குறி எழுத்துக்கள் சரியாகத் தெரிவதற்குக்கூட மூல இறுவட்டை உள்ளிட்டுச் சில கோப்புகளை ஏற்ற வேண்டியிருந்தது. ஆகவே ஒரே இறுவட்டு ஊரெல்லாம் கைமாறியது. இரண்டாவது காரணம் அச்சம். திருத்தத்தைத் தரவிறக்கினால் 'அவர்கள்' கண்டுபிடித்துவிடுவார்கள், கணனி பூட்டிக்கொள்ளும் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். அது முற்றிலும் கற்பனையும் அல்ல. களவாகப் பரவியிருந்த சில பதிவெண்களை 2002இல் வந்த முதலாவது சேர்விஸ் பேக் நிராகரித்திருந்தது. எனவே தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டே கணனியை விற்றார்கள்.

என் இயந்திரத்தைக் கடைக்குக் கொண்டுசென்றேன். வன்தட்டை முழுவதும் அழித்து, அதே இறுவட்டிலிருந்து அதே விண்டோஸைப் பதிந்து மாலையில் திருப்பித் தந்தார்கள். புழு போயிற்று. அதனுடன் ஓராண்டு உழைப்பும் போயிற்று.

அந்த உழைப்பு என்ன என்பதைச் சொல்லவேண்டும். 1990 ஒக்டோபரின் இறுதி நாட்களில் வடமாகாணத்தின் முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து படகுகளில் ஏறியவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். பெரும்பாலானோருக்குப் புத்தளம் மாவட்டத்தின் ஓலைக் கொட்டில்களே அடுத்த பல ஆண்டுகளுக்கு வீடாயின. எடுத்துவர அனுமதிக்கப்பட்டது மிகச் சொற்பம். பலரிடம் காணி உறுதி இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிப் பாதைகள் திறந்தபோது, தம் நிலத்தைப் பார்க்கப் போனவர்கள் பலர். பார்க்கலாம்; தமதென்று நிறுவுவது எங்ஙனம்? நான் முகாம் முகாமாகச் சென்று முதியவர்களிடம் கேட்டெழுதினேன். எந்த ஒழுங்கை, எந்தக் கிணறு, வடக்கே யார் காணி, தெற்கே யார் காணி, உறுதி எழுதிய நொத்தாரிசு யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வைத்தேன். வேறு பிரதி எடுத்துவைக்கவில்லை. அது என் குற்றம்.

அக்கோப்புகள் பிழைத்தன. எப்படியென்றால், நான் அவ்வப்போது அச்செடுக்கச் சென்ற ஓர் இணைய நிலையத்தில் பணிபுரிந்த இளைஞர், என்னைக் கேளாமலே என் நெகிழ்வட்டிலிருந்து அவற்றைப் படியெடுத்து வைத்திருந்தார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "சேர், கோவிக்க வேணாம். அதுல எங்கட வாப்பும்மா சொன்னதும் இருக்கு. அதான் எடுத்து வெச்சன்." அவருடைய குடும்பம் எருக்கலம்பிட்டியிலிருந்து வந்தது. நூற்றுக்கு எண்பது பங்கு மீண்டது. திருத்தப்படாத ஒரு களவுப் பிரதி என் கோப்புகளை அழித்தது. அனுமதி பெறாத ஒரு பிரதி அவற்றைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து இவ்விரண்டு விடயங்களையும் பற்றிய வாதங்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன்.

அவ்விரண்டும் ஒரே வழக்கில் சந்தித்தது அடுத்த ஆண்டில். 2004 ஓகஸ்டில் எக்ஸ்பிக்கான இரண்டாவது சேர்விஸ் பேக் வெளியாயிற்று. பிளாஸ்டரில் பட்ட அடிக்குப் பின் மைக்ரோசொப்ட் தன் இயங்குதளத்தின் பாதுகாப்பை ஏறத்தாழ மறுசீரமைத்த பொதி அது. அதன் முழு அளவு சுமார் 266 மெகாபைட். விநாடிக்கு 56 கிலோபிட் என்ற எங்கள் தொலைபேசி இணைப்பு இடையறாது முழுவேகத்தில் ஓடினாலும் பத்து மணி நேரத்துக்கு மேல் தேவை. அத்தனை நேரம் அறுபடாத இணைப்பைப் புத்தளத்தில் நான் கண்டதில்லை.

அப்போது அமெரிக்காவில் 'டவுன்ஹில் பட்டில்' என்னும் சிறு குழு ஒன்று, அந்தச் சேர்விஸ் பேக்கை பிட்டொரெண்ட் வழியே எவரும் பெறலாம் என்று பகிரங்கமாக வழங்கியது. பிட்டொரெண்ட் என்பது 2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய கோப்புப் பகிர்வு முறை. கோப்பு துண்டு துண்டாகப் பிரிந்து, பெறுபவர் ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு வழங்குபவராகவும் ஆகிவிடுவார். இக்குழுவின் நோக்கம் அரசியல். நெப்ஸ்டர் 2001இல் நீதிமன்றத்தால் முடக்கப்பட்டிருந்தது. 2003 செப்டெம்பரில் பாடல்களைப் பகிர்ந்த தனிநபர்கள் 261 பேர்மீது அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்திருந்தன. 2004இல் பகிர்வு மென்பொருள்களையே குற்றத்துக்கு உட்படுத்தக்கூடிய சட்டமூலம் ஒன்று அமெரிக்க செனட்டில் இருந்தது. பகிர்வு முறையால் நன்மையும் உண்டு, ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை உலகுக்கு விரைந்து சேர்க்க அதனால் இயலும் என்று காட்ட விரும்பினார்கள். சில நாட்களிலேயே மைக்ரோசொப்டின் சட்டக் கடிதம் வந்தது, விநியோகம் நின்றது. தன் வாடிக்கையாளர் நம்பகமான இடத்திலிருந்தே திருத்தத்தைப் பெறவேண்டும் என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு.

இவ்வாதத்தில் இரு தரப்பும் முற்றிலும் பிழையல்ல. திருத்தம் என்று சொல்லி எவரோ தரும் கோப்பினுள் நஞ்சு இருக்கலாம் என்பது மெய். பிளாஸ்டர் பரவிய அதே மாதத்தில் 'வெல்ச்சியா' என்ற இன்னொரு புழு கிளம்பி, பிளாஸ்டரை அகற்றி, மைக்ரோசொப்டின் திருத்தத்தையும் தானே தரவிறக்கிப் பதிந்தது. நன்மை செய்ய வந்த புழு! ஆனால் அது எழுப்பிய நெரிசலில் வலையமைப்புகள் பல முடங்கின. கேளாமல் வரும் வைத்தியனும் கதவை உடைத்தே வருகிறான். மறுபுறத்தில், கோப்பு கைமாறும் வழி வேறு, அதன் மெய்ம்மை வேறு. சேர்விஸ் பேக்கில் மைக்ரோசொப்டின் இலக்கமுறைக் கையொப்பம் இருந்தது. வழியில் ஒரு பிட் மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. உறுதியை யார் கொண்டுவந்து தந்தாலும், அதில் நொத்தாரிசின் முத்திரை மெய்யா என்பதையே பார்க்கிறோம் அல்லவா?

கட்டணம் செலுத்தாதவனுக்குத் திருத்தம் எதற்கு என்ற வாதமும் அன்று உரத்து ஒலித்தது. 2005 ஜூலையிலிருந்து, தரவிறக்கங்களைப் பெற விண்டோஸ் மெய்யான பிரதிதானா என்று பரிசோதிப்பதை மைக்ரோசொப்ட் கட்டாயமாக்கியது. ஆயினும் முக்கிய பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தானியங்கி முறையில் எல்லோருக்கும் திறந்தே வைத்தது. அது தர்மம் அல்ல, கணக்கு. தடுப்பூசி போடாத வீடு ஒன்றிருந்தால் தெருவுக்கே ஆபத்து. எங்கள் கடைக்காரர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருக்கவில்லை. நானும் அதைப்பற்றி எழுதவில்லை. 2008 ஒக்டோபர் 23இல் வெளியான திருத்தத்தைப் பொருட்படுத்தாதவர்களை அடுத்த மாதமே 'கொன்ஃபிக்கர்' தேடிவந்தது. 2017 மார்ச் 14இல் வந்த திருத்தத்தை விட்டவர்களை மே 12இல் 'வொன்னக்றை' பிடித்தது. பிரித்தானிய மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தடைப்பட்டன. அன்று மைக்ரோசொப்ட், 2014இலேயே கைவிட்டிருந்த எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தத்தை இலவசமாக வெளியிட்டது.

படியெடுப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் இடவிளக்க நூலையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் 'தமிழ் புளூட்டாக்' நூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். அவர் நாடிய புலவர்களின் நூல்கள் எத்தனையோ தலைமுறைகளாக ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்க்கப்பட்டு வந்தவை. ஓலை என்றும் நிலைப்பதில்லை. பெயர்த்தெழுத ஆளில்லாத நூல் செல்லுக்கு இரையாயிற்று. பெயர்த்தெழுதியவன் சில இடங்களில் பிழையும் சேர்த்தான். பின்வந்த பதிப்பாசிரியன் திருத்தினான். படியெடுப்பும் பழுதுபார்ப்பும் ஒரே தொழிலின் இரு கைகளாக இருந்தன. ஒரே கட்டடத்தில் எல்லாவற்றையும் வைத்தால் என்னவாகும் என்பதை 1981 ஜூன் முதலாந் திகதி விடிந்தபோது யாழ்ப்பாணத்தில் கண்டோம்; ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பல். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடக்கிய மதுரைத் திட்டமும், 2005இல் ஈழத்து இளைஞர்கள் தொடக்கிய நூலகம் திட்டமும் அந்தப் பழைய தொழிலின் தொடர்ச்சி. ஆனால் அவை எடுத்தவுடன் பகிர்ந்தவையல்ல. காலாவதியான உரிமைகளைக் கணக்கிட்டும், வாழும் ஆசிரியரிடம் அனுமதி கேட்டும் சேர்த்தவை. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமையைக் காக்கிறது. எழுத்தை விற்று வாழ்ந்தவன் என்ற வகையில் அச்சட்டத்தை நான் இகழ மாட்டேன்.

தனிமனிதன் செய்த பிழையை அரசும் செய்யும் என்பதற்கு 2023 சாட்சி. அவ்வாண்டு ஓகஸ்ட் 26இல் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமை வசதி கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டது. அரச மின்னஞ்சல் கணக்குகள் ஏறத்தாழ 5,000 பாதிப்புற்றன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் மீளவில்லை. அக்காலத்துக்குரிய பாதுகாப்புப் பிரதி இருக்கவில்லை. மின்னஞ்சல் வழங்கியில் ஓடியது மைக்ரோசொப்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவு 2023 ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. 2021 முதல் புதுப்பிக்க எண்ணியும் நிதிப் பற்றாக்குறையால் தள்ளிப்போனது என்று பொறுப்பானவர்கள் விளக்கினார்கள். திருத்தமும் இல்லை, பிரதியும் இல்லை; புத்தளத்து அறையில் என் கணனி இருந்த அதே நிலை.

திருத்தம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாமா என்று கேட்பவர்களுக்கும் நியாயம் உண்டு. 2017 ஜூனில் உக்ரேனின் கணக்கியல் மென்பொருள் ஒன்றின் திருத்தத்துக்குள் ஒளிந்தே 'நொட்பெட்யா' பரவியது. 2024 ஜூலை 19இல் ஒரு பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான திருத்தம் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகளைச் செயலிழக்கச் செய்து விமானங்களை நிறுத்தியது. ஆகவே முத்திரையைப் பார், மூலத்தை அறி, முதலில் பிரதி எடுத்து வை, பின்னர் திருத்து என்பதே இருபது ஆண்டு வாதங்களிலிருந்து நான் கற்ற ஒழுங்கு.

வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வும் உண்டு. 2015இல் வந்த விண்டோஸ் 10இல், திருத்தங்களை ஒரு கணனி இன்னொரு கணனிக்குத் துண்டு துண்டாகப் பகிரும் வசதியை மைக்ரோசொப்ட் தானே சேர்த்தது. பதினோராண்டுகளுக்கு முன்னர் சட்டக் கடிதம் அனுப்பி நிறுத்திய அதே வழி! கையொப்பத்தைச் சரிபார்க்க முடிந்தால் யார் கையிலிருந்தும் பெறலாம் என்பதை நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. அந்த விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இந்தக் கரையோரத்தில் இன்னும் அதில் ஓடும் கணனிகள் பல. புதிது வாங்க இயலாதவனின் கணனியை யார் திருத்துவது என்ற 2003இன் கேள்வி தீரவில்லை.

முகாம்களில் நான் கேட்டெழுதியவர்களுள் அநேகர் இன்று உயிரோடில்லை. அவர்கள் சொன்னவற்றைப் பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றி, மூன்று ஊர்களில் மூன்று பிரதிகளாக வைத்திருக்கிறேன். ஆண்டுக்கொரு முறை மூன்றையும் திறந்து ஒப்பிடுவது வழக்கம். மூன்றாவது பிரதி இருப்பது அந்த இணைய நிலையத்து இளைஞரிடம். இப்போது அவர் இளைஞரும் அல்லர். இம்முறை அவர்தான் அழைத்து, ஓரிடத்தில் கிணற்றின் திசையை நான் பிழையாகத் தட்டச்சுச் செய்திருப்பதாகச் சுட்டிக்காட்டினார். அவருடைய வாப்பும்மா சொன்னது மேற்கு. நான் எழுதியிருந்தது கிழக்கு. மூன்று பிரதிகளிலும் திருத்தியாயிற்று.