அடிமனை யாருக்கு, கட்டடம் யாருக்கு?

போன மாசம் சித்தி பையன் போன் பண்ணினான். "அண்ணே, மெயின் ரோட்டுல ஒரு காலி மனை வாடகைக்கு கிடைச்சிருக்கு. நானே ஷெட் போட்டு ஓட்டல் நடத்திக்கலாம்னு ஓனர் சொல்றார். 35 லட்சம் இறக்கணும். 11 மாச அக்ரிமென்ட், வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கலாமாம். பத்திரம் எழுதுறவர்கிட்ட சொல்லிட்டேன், ஆயிரம் ரூபாய்ல முடிச்சுடுவார்."

"வக்கீல்கிட்ட காட்டினியா?"

"எதுக்குண்ணே? வாடகைதானே, வாங்கவா போறேன்?"

எனக்கு உடனே எங்க பெரியப்பா ஞாபகம் வந்துடுச்சு. அதனால இன்னைக்கு கொஞ்சம் சட்ட சரித்திரம். பயப்படாதீங்க, நான் வக்கீல் இல்லை, அதனால புரியற மாதிரிதான் எழுதுவேன் :-)

முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. நிலம் உங்களுது. அதுல நான் என் காசைப் போட்டு கட்டடம் கட்டறேன். கட்டடம் யாருக்குச் சொந்தம்?

பழைய இங்கிலாந்து சட்டத்தைக் கேட்டா பதில் சிம்பிள். மண்ணோட ஒட்டினது எல்லாம் மண்ணுக்காரனுக்கு. ஆனா நம்ம நாட்டு வழக்கம் அப்படி இல்லை. 1866-லயே கல்கத்தா உயர் நீதிமன்றம் ஒரு வழக்குல, அந்த இங்கிலீஷ் விதி இந்தியாவுக்குப் பொருந்தாது, நல்லெண்ணத்தோட கட்டினவன் கட்டடத்தைப் பிரிச்சு எடுத்துட்டுப் போகலாம், இல்லைன்னா நஷ்டஈடு வாங்கிக்கலாம்னு சொல்லிடுச்சு. அப்புறம் வந்த 1882-ம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம், 108-வது பிரிவுல இதையே எழுதி வச்சது. வாடகைக்காரர் தான் கட்டினதை எடுத்துட்டுப் போகலாம். ஆனா ஒரு கண்டிஷன், நிலம் தன் கையில இருக்கும்போதே எடுத்துடணும். சாவியைக் கொடுத்துட்டு அடுத்த வாரம் வந்து "என் கதவு, என் ஜன்னல்"னு கேட்டா கிடையாது.

அதே பிரிவுல இன்னொரு வரியும் இருக்கு. விவசாய காரியம் தவிர வேற எதுக்கும், ஓனர் சம்மதம் இல்லாம நிரந்தரக் கட்டடம் கட்டக் கூடாது. அந்த சம்மதம் வாய் வார்த்தையில இருந்தா, நாளைக்கு அதை யார் நிரூபிக்கிறது?

சரி, மதராஸுக்கு வருவோம். இங்கே ஒரு விசித்திரமான பழக்கம் ரொம்ப நாளா இருந்தது. நிலத்துக்கு மட்டும் வாடகை (அடிமனை வாடகைனு சொல்லுவாங்க), வீடோ கடையோ வாடகைக்காரரே கட்டிக்குவார். ஒழுங்கா வாடகை கொடுக்கிற வரைக்கும் யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்கங்கிற நம்பிக்கைதான் மூலதனம். நிலத்தோட விலை ஏறினா அந்த நம்பிக்கை என்ன ஆகும்? கட்டினதைப் பிரிச்சு எடுத்துக்கோன்னா செங்கல்லும் ஓடும்தான் மிஞ்சும்.

இதுக்குத்தான் 1921-ம் வருஷத்து மதராஸ் நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது (1922-ன் 3-ம் எண் சட்டம்). இதுல மூணு விஷயம் முக்கியம்:

ஒண்ணு, காலி பண்ணச் சொன்னா கட்டடத்துக்கு ஓனர் நஷ்டஈடு தரணும். ரெண்டு, கேஸ் போடறதுக்கு முன்னாடி 3 மாச நோட்டீஸ் தரணும், அதுல நஷ்டஈடு தர்றேன்னும் சொல்லியிருக்கணும். மூணாவதுதான் பெரிய ஆயுதம், 9-வது பிரிவு. ஓனர் காலி பண்ணச் சொல்லி கேஸ் போட்டா, வாடகைக்காரர் திருப்பி கோர்ட்ல மனு போட்டு, "அந்த நிலத்தை எனக்கே விலைக்குக் கொடுக்கச் சொல்லுங்க"னு கேட்கலாம்! கோர்ட் விலையை நிர்ணயிக்கும். பிற்காலத்துல, முழு மனையும் இல்லாம, கட்டடத்தை அனுபவிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு நிலம் எவ்வளவுனு பார்த்து அதை மட்டும் கொடுக்கச் சொன்னாங்க.

ஆனா அந்த மனுவைப் போட கெடு, சம்மன் கையில கிடைச்சதுல இருந்து ஒரு மாசம்.

இந்த ஒரு மாசத்துலதான் எங்க பெரியப்பா கவிழ்ந்தார். 1974-ல மெட்ராஸ்ல ஒரு காலி மனையை வாடகைக்கு எடுத்து மாவு மில் கட்டினார். 1988-ல ஓனரோட பசங்க கேஸ் போட்டாங்க. பெரியப்பா சம்மனை எடுத்துக்கிட்டு தெரிஞ்ச வக்கீல்கிட்ட போனார். நல்ல மனுஷன், லாரி மோதின கேஸ்ல நிறைய பேருக்கு நஷ்டஈடு வாங்கிக் கொடுத்தவர். அவரும் வழக்கம் போல வக்காலத்து போட்டு, பதில் மனுவுக்கு வாய்தா வாங்கினார். ரெண்டு வாய்தா போச்சு. மூணாவது மாசம், கோர்ட் வராந்தாவுல வேற ஒரு வயசான வக்கீல் பேச்சுவாக்குல கேட்டாராம், "9-வது பிரிவு மனு போட்டாச்சில்ல?"

போடலை. அவசர அவசரமா போட்ட மனு காலதாமதம்னு தள்ளுபடி ஆச்சு. கடைசியில கட்டடத்துக்கு மட்டும் ஏதோ ஒரு தொகை வந்தது. நிலம் போச்சு. மில்லும் போச்சு. பெரியப்பா அதுக்கப்புறம் இன்னொருத்தர் மில்லுல சம்பளத்துக்குப் போனார். அந்த வக்கீலை அவர் ஒரு நாளும் திட்டினதில்லை. "அவருக்குத் தெரிஞ்சதை அவர் பண்ணினார்டா"ம்பார், அவ்வளவுதான்.

இதே சட்டம் வியாபாரக் கட்டடங்களை எப்படிப் பந்தாடுச்சுன்னு பாருங்க. 1955 திருத்தத்துக்கு அப்புறம் இது மத்த நகராட்சிகளுக்கும் போச்சு. தஞ்சாவூர்ல ஸ்வாமி மோட்டார் டிரான்ஸ்போர்ட்ங்கிற கம்பெனி ஒரு மடத்து நிலத்துல இருந்தது. சட்டம் தஞ்சாவூருக்கு வந்ததும் 9-வது பிரிவுல நிலத்தைக் கேட்டாங்க. கேஸ் நடந்துக்கிட்டு இருக்கும்போதே 1960-ல இன்னொரு திருத்தம் வந்து, தஞ்சாவூர் மாதிரி ஊர்கள்ல குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்குப் பாதுகாப்பு இல்லைன்னு ஆக்கிடுச்சு. கம்பெனி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. திருத்தம் செல்லும், நிலத்தைக் கேட்கிற உரிமைங்கிறது சட்டம் கொடுத்த சலுகைதான், சொத்து இல்லைன்னு தீர்ப்பாச்சு.

இன்னொரு பக்கம் கோயமுத்தூர்ல ஒரு சினிமா கொட்டகை. நியூ தியேட்டர் கர்னாடிக் டாக்கீஸ் வழக்கு, 1964-ல தீர்ப்பு. குத்தகை முடிஞ்சதும் கட்டடத்தை அகற்றி காலி நிலமா ஒப்படைக்கணும்னு பதிவு பண்ணின பத்திரத்துலயே இருந்தது. கதை முடிஞ்சதுன்னுதானே நினைப்போம்? இல்லை. இந்த மாதிரி ஷரத்து சட்டம் கொடுத்த பாதுகாப்பைப் பறிக்காதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரே சட்டம், ரெண்டு ஊர், ரெண்டு முடிவு. பத்திரத்தைப் படிக்கத் தெரிஞ்சா மட்டும் போதாதுங்க, அந்தப் பத்திரத்து மேல எந்த சட்டம் உட்கார்ந்திருக்குன்னும் தெரியணும்.

1996-ல இன்னொரு திருத்தம். கோயில் உள்ளிட்ட மத நிறுவனங்களோட நிலத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதை எதிர்த்து மயிலாப்பூர் கிளப் போட்ட வழக்குலயும் 2005-ல உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும்னுடுச்சு.

இதுல சித்தி பையனுக்கு முக்கியமான வரி எது தெரியுமா? 1979-ம் வருஷத் திருத்தச் சட்டம் (1980-ல் அமலானது). சென்னை மாதிரி ஏற்கெனவே இந்தச் சட்டம் இருந்த இடங்கள்ல, அந்தத் தேதிக்கு முன்னாடி ஏற்பட்ட வாடகைக்கு மட்டும்தான் பாதுகாப்பு. பெரியப்பா 1974, அவருக்கு ஆயுதம் இருந்தது, எடுக்கத் தெரியலை. இவனுக்கு ஆயுதமே கிடையாது. இவனைக் காப்பாத்தப் போறது அந்த ஒரு பத்திரம் மட்டும்தான்.

அதையும் 11 மாசத்துக்குப் போட்டா? ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு பண்ணின பத்திரம் வேணும். அது இல்லாம வருஷக்கணக்கா உட்கார்ந்திருந்தா சாதாரணமா மாச வாடகைன்னுதான் எடுத்துக்குவாங்க. மாச வாடகையை முடிக்க எவ்வளவு நோட்டீஸ் போதும்? 15 நாள். 35 லட்சத்துக்கு 15 நாள்!

இதை எல்லாம் சொல்லி அவனை ஒரு வக்கீலம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். 30 வருஷமா கடை, குடோன், காம்ப்ளெக்ஸ் குத்தகை மட்டுமே பார்க்கிறவங்க. நான் விசாரிச்சது ரெண்டே கேள்விதான். "காலி மனையில கட்டடம் கட்டற குத்தகை எத்தனை பார்த்திருக்கீங்க? அதுல கோர்ட்டுக்குப் போனது எத்தனை?" முதல் கேள்விக்கு சிரிச்சாங்க. ரெண்டாவதுக்கு, எங்கே தப்பு நடக்கும்னு அரை மணி நேரம் பாடம் எடுத்தாங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

அவங்க கேட்டது: மூலப் பத்திரம், 30 வருஷத்து வில்லங்கச் சான்று, பட்டா, ஓனரோட வாரிசு விவரம், பேங்க் அடமானம் இருக்கா, கோயில் நிலமா (கோயில் நிலம்னா 5 வருஷத்துக்கு மேல குத்தகை விட அறநிலையத் துறை ஆணையர் அனுமதி வேணுமாம், இல்லைன்னா செல்லாது). பத்து நாள்ல விஷயம் வெளியில வந்துடுச்சு. மனை அந்த ஓனர் பேர்ல மட்டும் இல்லை. ரெண்டு தங்கச்சிங்களுக்கும் பங்கு இருக்கு, பாகப்பிரிவினை ஆகலை.

ஓனர் மோசக்காரர் எல்லாம் இல்லைங்க. "எங்க வீட்டு விஷயம், தங்கச்சிங்க என்ன சொல்லப் போறாங்க"ங்கிற நினைப்பு. இப்போ மூணு பேரும் கையெழுத்து போட்டு, 12 வருஷத்துக்குப் பதிவு பண்றதா பேச்சு. கட்டடம் யாருக்கு, நடுவுல காலி பண்ணச் சொன்னா என்ன தொகை, எல்லாம் எழுத்துல. ஒரு தங்கச்சி இன்னும் யோசிக்கிறாங்களாம். அவங்க சம்மதிக்கலைன்னா இந்த இடம் வேண்டாம்னு வக்கீலம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. தம்பிக்கு வருத்தம்தான். ஃபீஸையும் முத்திரைத்தாள், பதிவுச் செலவையும் பார்த்து பெருமூச்சு வேற விட்டான். விடட்டும்.

போன ஞாயித்துக்கிழமை பெரியப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். 84 வயசு, காது கொஞ்சம் மந்தம். இந்தக் கதையை சத்தமா சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"அந்தம்மா தேதியெல்லாம் டைரியில எழுதி வச்சுக்கிறாங்களாடா?"

எழுதறாங்க பெரியப்பான்னேன். தலையை ஆட்டிக்கிட்டார்.