பக்கம் அசையாமல் போகும் தரவு

இன்று லைக் போட்டால் பக்கம் அசையாமல் எண்ணிக்கை மட்டும் கூடுகிறது. 90களில் சர்வருக்கு ஒன்றை அனுப்பினால், பெரும்பாலும் பக்கம் முழுவதும் மறுபடி வரவேண்டும்.

அவுட்லுக் மின்னஞ்சலை பிரவுசரில் இயக்க முயன்ற மைக்ரோசாஃப்ட் குழுவுக்கு இது ஒத்துவரவில்லை. அங்கிருந்த அலெக்ஸ் ஹாப்மன், ஸ்கிரிப்டே பின்னணியில் சர்வரோடு பேச ஒரு வழி எழுதினார். 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5உடன் வந்த எக்ஸ்எம்எல் நூலகத்தில் அதையும் சேர்த்தார்கள். அதனால்தான் பெயரில் எக்ஸ்எம்எல் ஒட்டிக்கொண்டது.

2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் மேப்ஸும் வந்தபிறகே பலருக்கு அதன் பலம் புரிந்தது. அந்த ஆண்டே ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த முறைக்கு ‘ஏஜாக்ஸ்’ என்று பெயரிட்டார்.

ஒன்றை மறக்காதீர்கள்: முன்பு பக்கம் மறுபடி வருவதைப் பார்த்தே தரவு போனது தெரியும். இப்போது ‘அனுப்பு’ அழுத்தும் முன்பே நீங்கள் தட்டிய எழுத்து போயிருக்கலாம்.