ஸ்கூபா டைவிங் கத்துக்கப் போறீங்களா? முதலில் வாங்க வேண்டியது சிலிண்டர் அல்ல, மாஸ்க்!

அந்தமானிலோ புதுச்சேரியிலோ முதல் முறையாகக் கடலுக்கு அடியில் போய் வந்த பலரும், கரையேறிய கையோடு ஆன்லைனில் ‘ஸ்கூபா செட்’ தேடத் தொடங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்க. முழு செட் வாங்கினால் செலவு லட்சத்தைத் தாண்டிவிடும். ஆரம்பத்தில் சொந்தமாகத் தேவைப்படுவது மாஸ்க் ஒன்றுதான்.

நீச்சல் கண்ணாடி போதாதா?

போதாது, ஆபத்தும்கூட. கடலில் 10 மீட்டர் இறங்கினாலே உடல் மீதான அழுத்தம் தரையில் இருப்பதைவிட இரண்டு மடங்காகிவிடும். அது மாஸ்க்கை முகத்தோடு சேர்த்து அழுத்தும். மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால்தான் சமநிலை வரும். மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடியில் அதற்கு வழியே இல்லை. கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டி, வெள்ளை விழி சிவந்துவிடலாம்.

மாஸ்க்கைப் பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுங்க. கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்க முகத்துக்கான மாஸ்க். இதை ஆன்லைனில் சோதிக்க முடியாது, அதனால் கடைக்கு நேரில் போவதே நல்லது. ஓரம் சிலிக்கானாகவும், கண்ணாடி உடைந்தாலும் கூராகச் சிதறாத டெம்பர்ட் வகையாகவும் இருக்கணும். மீசை இருந்தால் மேல் உதட்டுப் பக்கம் தண்ணீர் கசியும். அதற்காக மீசையை எடுக்கச் சொன்னால் நம்ம ஊரில் யார் கேட்பார்கள்? சிலர் அந்த இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவிச் சமாளிக்கிறார்கள்.

பவர் கண்ணாடி போடுபவர்கள் அதை மாஸ்க்குக்குள் மாட்ட முடியாது. பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க் தனியாகவே கிடைக்கிறது.

ஃபின்ஸ், வெட்சூட்?

இரண்டையும் வாடகைக்கு எடுத்தாலே போதும். ஃபின்ஸ் இறுக்கமாக இருந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நம்ம கடல் வெதுவெதுப்பானதுதான். ஆனாலும் தண்ணீர் உடல் சூட்டைக் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும் என்பதால் 3 மி.மீ. வெட்சூட் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து என்ன?

பயிற்சி முடித்துத் தொடர்ந்து டைவ் பண்ணப் போறவங்க அடுத்து வாங்க வேண்டியது டைவ் கம்ப்யூட்டர். எவ்வளவு ஆழத்தில் எத்தனை நிமிஷம் இருக்கலாம் என்று காட்டும், வேகமாக மேலே ஏறினால் எச்சரிக்கும். விமானம் ஏற எவ்வளவு நேரம் காத்திருக்கணும் என்பதையும் பல மாடல்கள் சொல்லிவிடும். பலமுறை டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. மாலை வரை டைவ், மறுநாள் காலை சென்னை விமானம் என்று டிக்கெட் போடுபவர்கள் இதைக் கவனிக்கணும்.

மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டரை மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே என்று செகண்ட் ஹேண்டில் வாங்கிவிடாதீங்க. பயன்படுத்தாமல் அலமாரியில் கிடந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுப்போகும். சர்வீஸ் செய்த ரசீது இல்லையென்றால் வேண்டாம்.

சிலிண்டரை டைவிங் சென்டரே கொடுத்துவிடும். காலியாகவே சுமார் 14 கிலோ இருக்கும் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக யாரும் அலைவதில்லை. தண்ணீரில் இறங்கும் முன் பிரஷர் கேஜைப் பார்த்தபடி நாலைந்து முறை மூச்சை இழுத்துப் பாருங்க. முள் 200 பார் பக்கத்தில் அசையாமல் நிற்கணும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே விழுந்து எழுந்தால் சிலிண்டர் வால்வு முழுசாகத் திறக்கப்படவில்லை என்று அர்த்தம். படகில் இருக்கும்போதே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்க.