பாலைவனத்தில் பதிந்த சக்கரத்தடங்கள் – ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் வரலாறு



சுற்றுச்சூழல் பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்கின்றன. தீயவர் சிலர் இயற்கையை அழிக்கின்றனர். நல்லவர் அதனைக் காக்கின்றனர். ஆகவே நாமும் காப்போம் என்று கட்டுரை முடிந்துவிடுகின்றது. உண்மை வரலாறு அவ்வளவு எளிதாக அமைவதில்லை. இயற்கையை நேசித்து அதனை நாடிச் சென்றவர்களாலேயே அது சிதைந்ததும் உண்டு. அத்தகைய வரலாறு ஒன்றை இப்பதிவில் காண்போம். அமெரிக்காவின் மோகாவே பாலைவனத்தில் பார்ஸ்டோ நகரிலிருந்து லாஸ் வேகஸ் வரை நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் வரலாறு அது.

பந்தயத்தின் தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தென் கலிபோர்னியாவில் பாலைவன மோட்டார் சைக்கிள் ஓட்டம் மக்களிடையே பெரிதும் பரவியது. வார இறுதியில் நகரை விட்டு வெளியேறி, திறந்த வெளியில் குடும்பத்தோடு கூடாரமிட்டுத் தங்கி வண்டி ஓட்டுவது தொழிலாளர் பலருக்கு எளிதில் கிட்டிய பொழுதுபோக்காகும். தந்தையிடமிருந்து மகன் கற்றுக்கொள்ளும் ஒரு குடும்ப மரபாகவும் அது வளர்ந்தது.

இந்த மரபிலிருந்துதான் 1967ஆம் ஆண்டு பார்ஸ்டோ – லாஸ் வேகஸ் பந்தயம் பிறந்தது. அமெரிக்க மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் சங்கத்தின் 37ஆம் மாவட்டப் பிரிவு இதனை நடத்தியது. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் வரும் நன்றி நவிலும் நாள் விடுமுறையில் பந்தயம் நடைபெறும். சாலை வழியே அளந்தால் இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவு உண்டு. பந்தய வழியோ மணல், கற்பரப்பு, வறண்ட ஓடை, வறண்ட ஏரிப்படுகை ஆகியவற்றின் ஊடே சென்றது.

தொடக்கமே பெருங்காட்சியாக விளங்கியது. போட்டியாளர் அனைவரும் பக்கம் பக்கமாக ஒரே நீண்ட வரிசையில் நிற்பர். தொலைவில் எழும் புகையே அவர்களுக்கு இலக்கு. சைகை கிடைத்ததும் அத்தனை வண்டிகளும் ஒரே நேரத்தில் அப்புகையை நோக்கிப் பாயும். 1974ஆம் ஆண்டளவில் பங்கேற்றோரின் எண்ணிக்கை ஏறத்தாழ 3,000 ஆகிவிட்டது. பார்ப்பவர்க்கு அது வீர விளையாட்டு. அதன் அடியில் கிடந்த மண்ணைப் பற்றி அக்காலத்தில் சிந்தித்தவர் சிலரே.

மண்ணுக்கு நேர்ந்தது என்ன?

பாலைவனம் என்றாலே ஒன்றுமற்ற வெற்றிடம் என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. மோகாவே அத்தகையதன்று. அதன் மேற்பரப்பில் நெருக்கமாகப் பதிந்த சிறு கற்கள், தரைக்கு ஓடு பதித்தாற்போல மண்ணைக் காக்கின்றன. வேறு இடங்களில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணுயிர்களும் பாசிகளும் லைக்கன்களும் மண் துகள்களைப் பிணைத்து மெல்லிய மேலோடாக அமைந்துள்ளன. காற்று மண்ணை அள்ளிச் செல்லாமல் தடுப்பவை இவையே. சக்கரம் ஒருமுறை ஏறினாலே இம்மேலோடு நொறுங்கிவிடும். கீழுள்ள மண்ணோ இறுகிவிடும், மழைநீர் உள்ளே இறங்காது, விதைகள் வேரூன்றா.

இச்சிதைவு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு அப்பாலைவனமே சான்று வைத்திருந்தது. 1942 முதல் 1944 வரை அமெரிக்கத் தளபதி பேட்டன் தொடங்கிய பாலைவனப் பயிற்சி முகாம் அங்கு இயங்கியது. அப்போது ஓடிய டாங்கிகளின் தடங்கள் பல பத்தாண்டுகள் கழிந்தும் அழியாமல் இருந்தன. மாறாக, அங்கே வளரும் கிரியோசோட் என்னும் புதரின் ஆயுளைப் பாருங்கள். ஒரே செடியிலிருந்து வளையமாகப் பரவிய ஒரு புதர்க்கூட்டம் ஏறத்தாழ 11,700 ஆண்டு வயதுடையது என 1980ஆம் ஆண்டு ஆய்வாளர் ஒருவர் மதிப்பிட்டார். இத்துணை மெதுவாக வளரும் உலகில் ஒரு நாள் பந்தயத்தின் காயம் ஒரு மனிதனின் ஆயுளுக்குள் ஆறுவது அரிது.

ஒலியும் தீங்கு செய்தது. அங்கு வாழும் ஒருவகைத் தேரை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் புதைந்தே கழிக்கும். மழையின் அதிர்வை உணர்ந்தால் மட்டுமே வெளிவரும். பதிவு செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒலியை ஆய்வாளர்கள் ஒலிக்கவிட்டபோது அத்தேரைகள் மழை வந்துவிட்டதென ஏமாந்து மேலே வந்தன. மழையில்லாத காலத்தில் வெளிவரும் தேரைக்கு அது உயிராபத்து. 1983ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில் இச்செய்தி இடம்பெற்றது. மாணவர்களிடம் கூறினால் அவர்கள் என்றும் மறக்கமாட்டார்கள்.

அளந்து பார்த்த ஆண்டு

1972ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அதிபர் நிக்சன் ஓர் ஆணை பிறப்பித்தார். கூட்டரசுக்குச் சொந்தமான நிலங்களில், சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளை எங்கே அனுமதிக்கலாம், எங்கே அனுமதிக்கக் கூடாது என்று வரையறுக்கும்படி அவ்வாணை பணித்தது. மோகாவேயின் பெரும்பகுதியை நிருவகிக்கும் நில மேலாண்மைப் பணியகம், 1974ஆம் ஆண்டுப் பந்தயத்தை நுணுகிக் கண்காணித்து அறிக்கை வெளியிட்டது. தாவரங்களுக்கும் சிறு விலங்குகளுக்கும் தொல்லியல் தடயங்களுக்கும் ஏற்பட்ட சேதம் அதில் பதிவானது. 1975ஆம் ஆண்டு பந்தயத்திற்கு அனுமதி மறுக்கப்பட்டது.

இவ்வரலாற்றின் திருப்புமுனையாக நான் கருதுவது அந்தத் தடையை அன்று. அதற்கு முந்திய அளவீட்டையே. அதுவரை ஒரு தரப்பு “பாலைவனம் பாழாகிறது” என்றது, மறு தரப்பு “அங்கே பாழாவதற்கு என்ன இருக்கிறது?” என்றது. அளந்து பார்த்த பின்னரே வாதம் உணர்ச்சியிலிருந்து விலகிச் சான்றின்மேல் நின்றது.

எதிர்ப்பும் நிபந்தனையும்

தடையை ஓட்டுநர்கள் எளிதில் ஏற்கவில்லை. பொதுநிலம் பொதுமக்களுக்கே உரியது என்பது அவர்தம் வாதம். 1975 முதல் 1982 வரை ஒவ்வோர் ஆண்டும் அதே விடுமுறையில் அவர்கள் அனுமதியின்றி எதிர்ப்பு ஓட்டம் நடத்தினர். “பாலைவனத்தின் மாய வாத்து” என்ற வேடிக்கையான புனைபெயரில் அதற்கான அழைப்புகள் வெளிவந்தன. வெறுமனே தடை விதித்தால், முறையாக நடந்த ஒன்று முறையின்றி நடக்கும் என்பதற்கு அந்த எட்டு ஆண்டுகள் எடுத்துக்காட்டு.

இதற்கிடையே 1976ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஏறத்தாழ 2.5 கோடி ஏக்கர் பரப்பு கலிபோர்னியப் பாலைவனப் பாதுகாப்பு வட்டாரமாக வகுக்கப்பட்டது. அதற்கான திட்டம் 1980இல் உருவானது, 1982இல் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின் பயனாக 1983ஆம் ஆண்டு பந்தயம் மீண்டும் தொடங்கியது. ஆனால் பழைய பந்தயம் அன்று அது. பங்கேற்போர் எண்ணிக்கை 1,200க்குள் அடக்கப்பட்டது, வழித்தடமும் வரையறுக்கப்பட்டது. சியரா கிளப் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 1985ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் பணியகத்தின் முடிவு செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

ஆமையின் வருகை

சிக்கல் அத்துடன் தீரவில்லை. மோகாவேயில் வாழும் பாலைவன நில ஆமை 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. இனப்பெருக்க வயதை எட்டவே பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். வாழ்நாளின் பெரும்பகுதியை வளைக்குள் கழிக்கும். அச்சுறுத்தப்பட்டால் உடலில் சேமித்துள்ள நீரை வெளியேற்றிவிடும். வறட்சிக் காலத்தில் அவ்விழப்பே அதற்கு எமனாகலாம். நவம்பரில் ஆமைகள் வளைக்குள் உறங்குவதால் நேரடி மோதல் குறைவு என்று கூறப்பட்டது. ஆயினும் சக்கரம் ஏறினால் வளை சரியும். ஆமை உண்ணும் செடிகளும் நசுங்கும்.

நோயாலும் பிற காரணங்களாலும் ஆமைகளின் எண்ணிக்கை சரிந்ததால், 1989ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவை அவசர நடவடிக்கையாக அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டன. 1990ஆம் ஆண்டு ஏப்ரலில் மோகாவே ஆமைகள் அச்சுறுத்தலுக்கு உள்ளானவை என்ற நிலையான பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1989 நவம்பரில் நடந்ததே கடைசிப் பந்தயமாயிற்று. 1994ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கலிபோர்னியப் பாலைவனப் பாதுகாப்புச் சட்டம், மோகாவே தேசியக் காப்பகத்தை உருவாக்கியது.

பந்தயம் பயணமாயிற்று

அந்த ஓட்டுநர்களின் மரபு அழிந்துவிட்டதா என்றால், இல்லை. அதே 37ஆம் மாவட்டப் பிரிவு 1980களிலேயே வேறொரு நிகழ்ச்சியைத் தொடங்கியிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் புறப்பட்டு, பார்ஸ்டோவில் இரவு தங்கி, லாஸ் வேகஸ் சென்றடையும் இரண்டு நாள் பயணம் அது. சாலையில் ஓட உரிமம் பெற்ற வண்டிகளே அதில் கலந்துகொள்ளலாம். முன்பே உள்ள சாலைகளிலும் மண்பாதைகளிலும் மட்டுமே ஓட்டவேண்டும். நேரக் கணக்கு இல்லை, முதலிடமும் இல்லை. அதே விடுமுறையில் இப்பயணம் பல்லாண்டுகளாக நடந்து வருகின்றது.

இங்கேதான் இவ்வரலாற்றின் சாரம் உள்ளதென்பேன். எண்ணிக்கையைக் குறைத்தது ஓரளவு உதவியது. ஆனால் முந்தவேண்டும் என்ற வேட்கை இருக்கும்வரை, முன்னால் செல்பவரைக் கடக்க ஓட்டுநர் பாதையை விட்டு விலகத்தான் செய்வார், பாதை அகலும். போட்டியின் வடிவத்தையே மாற்றியபோதுதான் அந்தத் தூண்டுதல் நீங்கியது. இழப்பு இல்லாமலில்லை. புகையை நோக்கிப் பாய்ந்த அந்தத் தொடக்கத்தின் கிளர்ச்சியை எந்தப் பயணமும் தர இயலாது. அதனை இழந்தவர்களின் வருத்தத்தையும் நாம் மதிக்கவேண்டும்.

பிற விதிகள்

மோட்டார் சைக்கிள் விளையாட்டு முழுவதிலுமே இதே காலத்தில் மாற்றங்கள் நிகழ்ந்தன. கலிபோர்னியா 1994ஆம் ஆண்டு சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளின் புகைக்கு விதிமுறை வகுத்தது. இரண்டு வீச்சு இயந்திரத்தில் எரியாத எரிபொருளின் கணிசமான பகுதி புகையோடு வெளியேறுவதே அதற்கு முதன்மைக் காரணம். 2003ஆம் ஆண்டு முதல், 1986இலும் அதற்குப் பின்னும் தயாரான வண்டிகளின் ஒலி 96 டெசிபலைத் தாண்டக்கூடாது என்ற சட்டமும் அங்கு நடைமுறைக்கு வந்தது. அனைத்துலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பும் தனக்கெனச் சுற்றுச்சூழல் விதித்தொகுப்பை வைத்துள்ளது. எரிபொருள் நிரப்பும்போதும் பழுது பார்க்கும்போதும் வண்டியின் கீழே எண்ணெயை உறிஞ்சும் விரிப்பை இடவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. கண்ணாடியின் மேல் ஒட்டி, சேறு படிந்ததும் கிழித்தெறியும் நெகிழித் தாள்கள் சில ஐரோப்பிய நாடுகளின் போட்டிகளில் தடை செய்யப்பட்டுள்ளன. மின்சார வண்டிகளுக்கான அனைத்துலகப் போட்டித் தொடர்களும் தொடங்கின. அவ்வண்டிகள் புகையையும் ஒலியையும் குறைக்கும்; ஆனால் அவற்றின் சக்கரமும் மண்ணை இறுக்கவே செய்யும். எந்தப் பாதையில் ஓடுவது என்ற கேள்விக்குப் புதிய இயந்திரம் விடையாகாது.

வகுப்பறைக்குச் சில சொற்கள்

இவ்வரலாற்றுக்கு மகிழ்ச்சியான முடிவு ஒன்றைச் சூட்டி மாணவர்களிடம் கூறுதல் முறையன்று. 2004 முதல் 2014 வரையிலான பத்தாண்டுகளில் மேற்கு மோகாவேயில் வளர்ந்த ஆமைகளின் அடர்த்தி ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததென ஆய்வு காட்டியது. 2024ஆம் ஆண்டு கலிபோர்னிய மாநில ஆணையம் அதனை அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாகத் தரம் உயர்த்த வாக்களித்தது. பந்தயம் நின்று பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் ஆமை மீளவில்லை. நோய், வறட்சி, சாலைகள், மனிதர் விட்டுச்செல்லும் குப்பையால் பெருகிய அண்டங்காக்கைகள் எனக் காரணங்கள் பல. பந்தயத்தை மட்டும் குற்றவாளியாக்கினால் அது வரலாற்றுப் பிழையாகும். பந்தயத்திற்குப் பங்கே இல்லை என்றாலும் பிழையே.

உயர்நிலை மாணவர்களிடம் இவ்வரலாற்றைக் கூறிவிட்டு ஒரு வினாவை எழுப்பலாம்: “1975ஆம் ஆண்டு அனுமதி வழங்கும் அதிகாரி நீயாக இருந்திருந்தால் என்ன முடிவு எடுத்திருப்பாய்?” வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு குழு ஓட்டுநர் தரப்பிலும் மறு குழு ஆய்வாளர் தரப்பிலும் பேசட்டும். பின்னர் இரு குழுக்களும் இடம் மாறிப் பேசட்டும். எதிர்த்தரப்பின் நியாயத்தைத் தன் வாயாலேயே எடுத்துரைத்த மாணவன், அடுத்த முறை சுற்றுச்சூழல் கட்டுரை எழுதும்போது நல்லவர், தீயவர் என்று இரண்டே பெட்டிகளில் உலகை அடைக்கமாட்டான். பெற்றோர்களும் வீட்டில் பிள்ளைகளோடு இதனைப் பேசிப் பார்க்கலாம்.

உங்கள் வகுப்பில் என்ன விடைகள் வந்தன என்பதை எழுதுங்கள். மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம்.